ஜூலை மாதத்துக் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

இங்கிலாந்தில் பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்கி ஜூலை மூன்றாம், நான்காம் வாரத்தில் முடிகிறது. விசா வந்து, வீடு பிடித்து, கவுன்சிலில் விண்ணப்பம் போட்டு, ஒருவழியாகப் பிள்ளைக்கு ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் இடம் கிடைக்கும்போது பலருக்கு மே கடைசி, ஜூன் ஆகிவிடுகிறது. "இன்னும் ஆறு வாரம்தானே, செப்டம்பரில் எல்லாவற்றையும் ஒழுங்காகத் தொடங்கிக்கொள்ளலாம்" என்று அந்த நாள்களைச் சும்மா கடத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வருடத்திலேயே ஒரு புதுக் குடும்பம் பள்ளிக்குள் கலந்துகொள்ள ஏற்ற காலம் இந்தக் கடைசி ஆறு வாரம்தான். செப்டம்பரில் எல்லாரும் அவசரத்தில் இருப்பார்கள், பெற்றோர் கேட்டில் விட்டுவிட்டு ஓடுவார்கள். ஜூலையில் விளையாட்டு நாள், கோடைச் சந்தை, திருப்பலி (கோயில் பூசை), புது ஆசிரியரைப் பார்க்கும் நாள் என்று உள்ளே போய்வர ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு ஆறு வாரம் விடுமுறை. அந்த ஆறு வாரமும் உங்கள் பிள்ளைக்கு விளையாட ஒரு துணை இருக்குமா என்பது, ஜூலையில் நீங்கள் யாரோடு நாலு வார்த்தை பேசி வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

நீங்கள் கத்தோலிக்கராக இருந்தாலும் சரி, இந்துவாகவோ வேறு சபையைச் சேர்ந்தவராகவோ இருந்து இடம் கிடைத்ததால் இந்தப் பள்ளிக்கு வந்தவராக இருந்தாலும் சரி, கீழே உள்ளவை பொருந்தும். எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கே தனியாகச் சொல்கிறேன்.

முதலில் இந்தப் பள்ளி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் கான்வென்ட் என்றால் கட்டணம், சீருடை, கன்னியர் என்று ஒரு படம் மனதில் வரும். இங்கே கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகளில் பெரும்பாலானவை அரசுப் பணத்தில் நடப்பவை, கட்டணம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்துக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக இவை பெருகின. 1852இல் வெஸ்ட்மின்ஸ்டர் மாமன்றத்தில் கூடிய ஆயர்கள், புதிதாக ஒரு பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகம்) தொடங்கும் இடத்தில் கோயிலுக்கும் முன்னால் பள்ளியைக் கட்டுவதே மேல் என்றார்கள். பல ஊர்களில் பள்ளியும் கோயிலும் ஒரே வளாகத்தில் இருப்பதையும், கோயிலின் பெயரே பள்ளிக்கும் இருப்பதையும் பார்ப்பீர்கள்.

இதை இவ்வளவு தூரம் சொல்லக் காரணம், கடைசிப் பருவத்தில் வீட்டுக்கு வரும் ஓர் உறை. 'வாலண்டரி எய்டட்' (அரசுப் பணத்தில் திருச்சபை நடத்தும் பள்ளி) என்ற வகைப் பள்ளிகளில் கட்டடச் செலவில் பொதுவாக 10 சதவீதத்தை நிர்வாகக் குழுவே திரட்டிக் கொடுக்க வேண்டும். அதனால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை குறிப்பிட்டு நன்கொடை கேட்பார்கள். அது விருப்ப நன்கொடைதான். கொடுக்க முடியாவிட்டால் உங்கள் பிள்ளையை யாரும் வேறு மாதிரி நடத்தப்போவதில்லை, கொடுக்க முடிந்தால் கொடுங்கள். இங்கே வருமான வரி கட்டுகிறவராக இருந்தால் உறையிலோ படிவத்திலோ 'கிஃப்ட் எய்ட்' கட்டத்தில் டிக் செய்யுங்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து இன்னும் 25 பென்ஸ் அவர்களுக்குக் கிடைக்கும், உங்களுக்குக் கூடுதல் செலவில்லை.

வெள்ளிக்கிழமை நியூஸ்லெட்டர்

பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மதியம் மின்னஞ்சலிலோ பள்ளியின் ஆப்பிலோ வரும். இதைப் படிக்காமல் இந்தப் பள்ளி வாழ்க்கையை ஓட்ட முடியாது. மேலே தலைமையாசிரியரின் கடிதம், அந்த ஞாயிறு நற்செய்தியிலிருந்து ஒரு சிந்தனை, அந்த வாரம் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகள், எந்த வகுப்பின் வருகை சதவீதம் அதிகம், அப்புறம் வளைந்து நெளிந்து எட்டாம் பக்கத்தில் தேதிகள். நீங்கள் கீழிருந்து மேலே படியுங்கள். தேதிகளை முதலில் கைபேசி நாள்காட்டியில் ஏற்றிவிட்டு அதன் பிறகு மற்றதைப் படியுங்கள். கணவன், மனைவி இருவர் மின்னஞ்சலையும் அலுவலகத்தில் பதிவு செய்து வையுங்கள்; ஒருவர் ஷிஃப்ட் வேலையில் இருந்தால் மற்றவராவது பார்ப்பார்.

ஜூன், ஜூலையில் வரும் சில சொற்கள் புதிதாக வந்தவரைக் குழப்பும். 'இன்செட் டே' என்றால் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நாள், பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. வருடத்தில் ஐந்து வரும், அதில் ஒன்றிரண்டைப் பருவத்தின் கடைசியிலோ செப்டம்பர் முதல் நாளிலோ வைப்பார்கள். பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்ப் பூட்டிய கேட் முன்னால் நிற்கும் பெற்றோரை ஒவ்வொரு செப்டம்பரிலும் பார்க்கலாம். 'நான் யூனிஃபார்ம் டே' அல்லது 'மஃப்டி டே' என்றால் வண்ண உடை போட்டு வரலாம். ஆனால் சும்மா அல்ல. ஒரு பவுண்டு, அல்லது கோடைச் சந்தைக்கு ஒரு பாட்டில், சாக்லேட் டப்பா என்று ஏதாவது கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள். 'லீவர்ஸ்' என்றால் தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பான இயர் 6 முடித்துப் போகிற பிள்ளைகள். 'பிரேக் அப்' என்று தேதி போட்டிருந்தால் அன்றோடு பள்ளி முடிகிறது, அவ்வளவுதான். புரியாத வரி இருந்தால் ஆஃபீஸில் கேளுங்கள். அங்கே இருப்பவர்தான் பள்ளியில் எல்லாம் அறிந்தவர். அவரோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்வது தலைமையாசிரியரைச் சந்திப்பதைவிடப் பல சமயம் பலன் தரும்.

ரிப்போர்ட் வரும், பதற வேண்டாம்

ஜூலையில் பிள்ளையின் ஆண்டு ரிப்போர்ட் வீட்டுக்கு வரும். ரேங்க், மொத்த மதிப்பெண் என்று எதுவும் இருக்காது. வயதுக்கு எதிர்பார்க்கும் அளவை எட்டிவிட்டான், இன்னும் எட்டவில்லை, அதைத் தாண்டிவிட்டான் என்ற மூன்று வகைதான் பெரும்பாலும். வகுப்பில் எத்தனையாவது என்று ஆசிரியரிடம் கேட்காதீர்கள், அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

இதோடு சில தேசியத் தேர்வுகளின் முடிவும் வரும். இயர் 1 பிள்ளைகளுக்கு ஜூனில் ஒலிப்பு வாசிப்புச் சோதனை: 40 சொற்கள், அதில் பாதி அர்த்தமே இல்லாத சொற்கள், எழுத்தைப் பார்த்து ஒலிக்கத் தெரிகிறதா என்று பார்க்கத்தான். எட்டாவிட்டால் இயர் 2இல் மறுபடி வாசிக்க வைப்பார்கள். இயர் 4க்குப் பெருக்கல் வாய்ப்பாடு: 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி, 12ஆம் வாய்ப்பாடு வரை. நம் வீட்டுப் பிள்ளைகள் இதில் நன்றாகவே செய்வார்கள். இயர் 6க்கு மே மாதம் நடந்த சாட்ஸ் தேர்வின் முடிவு ஜூலையில் வரும். 80 முதல் 120 வரையான அளவுகோல், 100 என்றால் எதிர்பார்த்த நிலை. இதை வைத்து யாரும் பிள்ளையைப் பெயிலாக்க மாட்டார்கள்.

வந்து சில வாரமே ஆன பிள்ளைக்கு ஆங்கிலத்தில் 'இன்னும் எட்டவில்லை' என்று வந்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை. அதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். சிலர் பயந்துபோய் அரைகுறை ஆங்கிலத்தில் பிள்ளையோடு பேசத் தொடங்குகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். கதை, கேள்வி, கோபம், கொஞ்சல் எல்லாம் வீட்டு மொழியில் நிறைவாகக் கிடைக்கிற பிள்ளைதான் இரண்டாவது மொழியையும் வேகமாகப் பிடிக்கும். நல்ல ஆசிரியர்கள் இதையேதான் சொல்வார்கள்.

ரிப்போர்ட்டில் சமயக் கல்விக்கும் ஒரு பத்தி இருக்கும். கத்தோலிக்கப் பள்ளிகளில் பாட நேரத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது, ஆங்கிலம், கணக்கு போல முக்கியப் பாடமாகவே நடத்துகிறார்கள். கத்தோலிக்கரல்லாத பெற்றோர் விரும்பினால் பிள்ளையைச் சமயக் கல்வியிலிருந்தும் வழிபாட்டிலிருந்தும் விலக்கிக்கொள்ளச் சட்டத்தில் உரிமை உண்டு. ஆனால் வழிபாடும் பண்பாடும் பள்ளியின் ஒவ்வொரு நாளிலும் கலந்தே இருக்கும். அதையும் யோசித்து முடிவெடுங்கள், முதலில் ஆசிரியரோடு பேசுங்கள். இந்துப் பெற்றோர் பலர் விலக்காமல், வீட்டில் நம் வழிபாடு, பள்ளியில் அவர்கள் வழிபாடு என்று நிம்மதியாக இருப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

விளையாட்டு நாள்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிள்ளை எந்த 'ஹவுஸ்', அதாவது பள்ளிக்குள் எந்த அணி, என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு புனிதர் பெயர், அதற்கு ஒரு நிறம், அந்த நிறத்தில் டி-சர்ட். வெயில் கிரீமை வீட்டிலேயே பூசி அனுப்ப வேண்டும். பல பள்ளிகளில் ஆசிரியர்கள் பூசிவிட மாட்டார்கள். தொப்பி, பெயர் எழுதிய தண்ணீர் பாட்டில். காலையில் மழை என்றால் ஒத்திவைத்துவிடுவார்கள், கிளம்பும் முன் ஆப்பைப் பாருங்கள். கரண்டியில் முட்டை ஓட்டம், சாக்கு ஓட்டம் எல்லாம் நம் பொங்கல் விளையாட்டுப் போட்டிதான். கடைசியில் பெற்றோர் ஓட்டம் என்று ஒன்று வைப்பார்கள். சேலையோடு ஓடிய அம்மாக்களுக்குக் கிடைத்த கைத்தட்டல் முதலிடம் பிடித்தவருக்குக் கிடைத்ததைவிடப் பெரிது. தயங்காமல் இறங்குங்கள்.

கோடைச் சந்தை: இங்கேதான் ஆள் பழக்கம்

சனிக்கிழமை மதியமோ வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட பிறகோ, மைதானத்தில் 'சம்மர் ஃபேர்'. நடத்துவது பெற்றோர்-ஆசிரியர் சங்கம், பிடிஏ என்பார்கள். எண் எடுத்துப் பரிசு வாங்கும் டாம்போலா, ரேஃபிள் சீட்டு, கேக் மேசை, முகத்தில் புலி வரைவது, காற்றடைத்த குதிக்கும் கோட்டை, பார்பிக்யூ. வரும் பணத்தில்தான் நூலகப் புத்தகம், விளையாட்டுக் கருவி, சுற்றுலாப் பேருந்துச் செலவு எல்லாம் நடக்கும்.

பிடிஏவுக்கு எப்போதும் ஆள் தேவை, கூப்பிட்டால் வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர்தான். உங்கள் ஆங்கிலம் தடுமாறும் என்று ஒதுங்காதீர்கள். மேசை போட, கொடி கட்ட, ஜூஸ் ஊற்ற ஆங்கிலம் எதற்கு? "ஒரு மணி நேரம் நிற்கிறேன்" என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும். அந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் நிற்கிறவரோடு ஏற்படும் பழக்கம், கேட்டில் வருடக்கணக்காகத் தலையாட்டினாலும் ஏற்படாது. இதற்கெல்லாம் போலீஸ் சோதனை தேவைப்படாது. வகுப்பறையில் வாராவாரம் பிள்ளைகளுக்கு வாசிப்பு கேட்க நீங்கள் போவதாக இருந்தால் டிபிஎஸ் என்ற சோதனை உண்டு. பள்ளியே ஏற்பாடு செய்யும்.

சாப்பாடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் ஆசையாகச் செய்து கொண்டுபோய், மேசையில் வைக்க முடியாமல் திரும்புவது இதில்தான். வடை, ரோல்ஸ், சமோசா, கேசரி எல்லாம் நன்றாக விற்கும், உண்மையிலேயே முதலில் தீர்வது அதுதான். ஆனால் செய்வதற்கு முன் இரண்டு விஷயம். ஒன்று, பெரும்பாலான பள்ளிகளில் கடலைக்கும் கொட்டை வகைகளுக்கும் அனுமதி இல்லை. கேசரியில் முந்திரி போடக்கூடாது, கடலை எண்ணெயில் பொரிக்கக்கூடாது, தேங்காய்ச் சட்னியில் வேர்க்கடலை கூடாது. இரண்டு, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். இங்கே சட்டப்படி 14 ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியல் இருக்கிறது. பால், முட்டை, கோதுமை, மீன், சோயா எல்லாம் நாம் எதிர்பார்ப்பவைதான், ஆனால் கடுகும் எள்ளும் அந்தப் பட்டியலில் உண்டு. தாளித்தாலே கடுகு, நல்லெண்ணெய் என்றால் எள். பெருங்காயத்தூள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பல கம்பெனித் தூளில் கோதுமை மாவு கலந்திருக்கும். அதையும் எழுத வேண்டும். காரத்தைப் பாதியாகக் குறையுங்கள், அல்லது 'காரம்' என்று பெரிதாக எழுதிவிடுங்கள். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி சாப்பிடாத குடும்பங்கள் பார்பிக்யூ மேசையில் சைவ பர்கர் தனித் தட்டில் சுடுகிறார்களா என்று கேட்கலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு விஷயம்: அன்றைக்கு ஒரு மூலையில் பழைய சீருடை மேசை இருக்கும். நல்ல நிலையில் உள்ள ஸ்வெட்டர், பள்ளிச் சின்னம் போட்ட கார்டிகன் எல்லாம் ஒன்றிரண்டு பவுண்டுக்குக் கிடைக்கும். டாக்டர், வங்கி அதிகாரி எல்லாரும் அங்கே வாங்குவார்கள், கூச்சப்பட வேண்டாம். சீக்கிரம் போங்கள்.

ஆண்டு இறுதித் திருப்பலி

பள்ளியின் உள்ளே என்ன உயிர் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் இதற்குப் போங்கள். இயர் 6 பிள்ளைகளை வழியனுப்பும் லீவர்ஸ் திருப்பலி, முழுப் பள்ளியும் கூடும் ஆண்டு இறுதித் திருப்பலி என்று ஒன்றோ இரண்டோ இருக்கும். கோயிலில் அல்லது பள்ளிக் கூடத்தில், பெரும்பாலும் காலை ஒன்பதரை பத்து மணிக்கு. பெற்றோருக்கு அழைப்பு உண்டு. பிள்ளைகளே வாசகம் வாசிப்பார்கள், மன்றாட்டுகள் எழுதி வந்து சொல்வார்கள், காணிக்கைப் பவனியில் ஏழு வருடத்து நினைவாக ஒரு சட்டை, ஒரு புத்தகம், ஒரு பந்து எடுத்துவருவார்கள். அயர்லாந்து, போலந்து, நைஜீரியா, கேரளா, பிலிப்பைன்ஸ், யாழ்ப்பாணம் என்று எல்லாருடைய பிள்ளைகளும் ஒரே பாட்டைப் பாடும்போது இந்த ஊரில் நமக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று முதல்முறையாகத் தோன்றும். கைக்குட்டை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளை இயர் 1ஆக இருந்தாலும் தேவைப்படும்.

நம் ஊர் பூசைக்குப் பழகியவர்கள் கவனிக்க: செருப்பைக் கழற்ற வேண்டாம், முக்காடு வேண்டாம், ஆண் பெண் தனித்தனிப் பக்கம் இல்லை, குடும்பமாக உட்காரலாம். நன்மை (திருப்பலியில் குருவானவர் தரும் அப்பம்) வாங்கும்போது பெரும்பாலோர் நின்றபடி கையில் வாங்குவார்கள். நாவில் வாங்கவும் தடையில்லை. கத்தோலிக்கரல்லாதவர்களும், இன்னும் புதுநன்மை (முதல் நன்மை) வாங்காத பிள்ளைகளும் வரிசையில் போய் இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டால் குருவானவர் ஆசீர்வாதம் கொடுப்பார். போக விருப்பமில்லை என்றால் இடத்திலேயே அமரலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சமாதான வாழ்த்தின்போது கை நீட்டுவார்கள். கைகூப்பினாலும் அதே அன்போடு ஏற்பார்கள். திருப்பலியின் நடுவே படம் எடுக்காதீர்கள். முடிந்தபின் பலிபீடத்தின் முன் எடுக்கச் சொன்னால் எடுக்கலாம், ஆனால் மற்றவர் பிள்ளை தெரியும் படத்தை ஃபேஸ்புக்கில் போடவே கூடாது. இதில் பள்ளிகள் மிகக் கண்டிப்பு, அது நியாயமும்கூட.

ஜூன் முழுக்கத் திருஇருதய மாதம், 29ஆம் தேதி பேதுரு பவுல் திருநாள், ஜூலை 3 தோமையார் திருநாள். தோமையார் திருநாள் வாரத்தில் ஆசிரியரிடம், அவர் உயிர்விட்டதாகச் சொல்லப்படும் சென்னைப் பரங்கிமலையைப் பற்றி உங்கள் பிள்ளை ஒரு படம் காட்டிச் சொல்லலாமா என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்தது அன்றைக்கு உங்கள் பிள்ளை ஒன்றாகத்தான் இருக்கும், புதிதாக வந்த பிள்ளைக்கு அப்படி ஒரு நாள் கிடைப்பது பெரிய விஷயம். அதே ஜூலையில் நார்ஃபோக்கிலுள்ள வால்சிங்ஹாம் மாதா திருத்தலத்துக்கு நாடு முழுவதும் இருந்து தமிழர்கள் திரளாகப் போகிறார்கள், மடுவுக்கும் வேளாங்கண்ணிக்கும் போவது போலவே. பள்ளியில் இருக்கும் மற்ற தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் எந்த ஊரிலிருந்து பேருந்து கிளம்புகிறது என்று தெரியும்.

விடுமுறைக்கு முன் தயார் செய்ய வேண்டிய காகிதங்கள்

இது கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு முக்கியம். ஊருக்குப் போகும் கோடையில் செய்யாவிட்டால் இன்னொரு வருடம் தள்ளிப்போகும்.

உங்கள் பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் ஊரில் எந்தப் பங்கில் கொடுத்தார்களோ அங்கே எழுதிக் கேளுங்கள், அல்லது நேரில் போகும்போது பதிவேட்டிலிருந்து முத்திரையோடு நகல் வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் வேறாக இருந்தால், நம்மவர்களுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று என்று இருப்பது சகஜம், இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று அந்தப் பங்குத்தந்தையிடமே ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். புதுநன்மைக்கும், தம்பி தங்கைக்கு இதே பள்ளியில் இடம் கேட்கவும், கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கவும் இந்தக் காகிதத்தைக் கேட்பார்கள்.

புதுநன்மை வகுப்பு பெரும்பாலும் இயர் 3 அல்லது இயர் 4 பிள்ளைகளுக்கு. மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் மாறும். பெயர் கொடுப்பது பல இடங்களில் பள்ளியில் அல்ல, பங்கில். ஜூன், ஜூலையிலேயே பங்கின் அறிக்கைத்தாளில் தேதி வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இயர் 5 முடிக்கும் பிள்ளை இருந்தால் இந்தக் கோடையிலேயே உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்குங்கள். கவுன்சில் விண்ணப்பத்துக்கு அக்டோபர் 31 கடைசி நாள், முடிவு மார்ச் 1 வாக்கில். அடுத்த ஆண்டு ரிசப்ஷனில் (இயர் 1க்கு முந்தைய வகுப்பு) சேர வேண்டிய சின்னவருக்கு ஜனவரி 15 கடைசி நாள், முடிவு ஏப்ரல் 16. கத்தோலிக்கப் பள்ளி என்றால் கவுன்சில் படிவம் மட்டும் போதாது. பள்ளியின் சொந்தத் துணைப் படிவம் ஒன்றைத் தனியாக நிரப்பி நேரே பள்ளிக்குக் கொடுக்க வேண்டும். இதைத் தெரியாமல் இடம் இழந்த நல்ல பக்தியுள்ள குடும்பங்கள் உண்டு. பல பள்ளிகள் பங்குத்தந்தை கையெழுத்திட்ட சான்றும் கேட்கும். அவர் கையெழுத்திட வேண்டுமானால் உங்களை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்த் திருப்பலிக்கு மட்டும் போய்வந்தால் வீட்டுக்குப் பக்கத்துப் பங்கில் உங்களை யாருக்கும் தெரியாது. தமிழ்ப் பூசை வேண்டும், அது நம் உயிர். அதோடு உள்ளூர்ப் பங்கிலும் பதிவுப் படிவம் நிரப்பிக் கொடுத்து, ஞாயிறுகளில் போய், முடிந்தபின் வாசலில் ஃபாதரிடம் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

டிக்கெட் விலையும் அபராதமும்

ஜூலை நடுவில் சென்னைக்கோ கொழும்புக்கோ டிக்கெட் மலிவு, பள்ளி விட்ட மறுநாள் விலை எகிறும். ஒரு வாரம் முன்பே கிளம்பிவிடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். இங்கிலாந்தில் அதற்கு அபராதம் உண்டு. பத்துப் பள்ளி வாரங்களுக்குள் பத்து அரை நாள்கள், அதாவது ஐந்து நாள், அனுமதியில்லாமல் விடுப்பு எடுத்தால் அபராதத்தை யோசிக்க வேண்டும் என்பது விதி. ஒரு பிள்ளைக்கு, ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. மூன்று வருடத்துக்குள் இரண்டாவது முறை என்றால் நேரடியாக 160. அதற்கும் மேல் போனால் நீதிமன்றம் வரை போகலாம். இரண்டு பிள்ளை, இரண்டு பெற்றோர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பிள்ளையே வகுப்பில் விமானக் கதையைச் சொல்லிவிடும். ஊரில் தாத்தா பாட்டி சாகக் கிடக்கிறார், இறுதிச் சடங்கு என்றால் தலைமையாசிரியருக்கு எழுதுங்கள். விதிவிலக்கான காரணத்துக்கு விடுப்பு தர அவருக்கு அதிகாரம் உண்டு, மனிதர்கள்தானே, கேட்பார்கள்.

கடைசி வாரம்

ஆசிரியருக்குப் பரிசு பற்றி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பேச்சு வரும். ஒருவர் எல்லாரிடமும் சிறு தொகை வாங்கி ஒரு கிஃப்ட் கார்டு வாங்குவார். சேரலாம், சேராமலும் இருக்கலாம். தங்க நிறப் பொட்டலம், சேலை என்று பெரிதாகக் கொடுத்தால் ஆசிரியர் சங்கடப்படுவார். பிள்ளை தன் கையால் எழுதிய ஒரு கார்டு, அதில் "எனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி" என்று ஒரு வரி, கீழே தமிழில் பிள்ளையின் பெயர். அதை ஆசிரியர்கள் வருடக்கணக்காக வைத்திருப்பார்கள். உதவி ஆசிரியரையும் மதிய உணவு மேற்பார்வையாளரையும் மறக்காதீர்கள். ஆங்கிலம் தெரியாமல் முதல் வாரம் அழுத பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றியவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகள் அடுத்த ஆண்டு வகுப்பில் போய் உட்கார்ந்து புது ஆசிரியரைப் பார்ப்பார்கள். அன்று விடுப்பு எடுக்காதீர்கள். சாப்பாட்டு ஒவ்வாமை, ஆஸ்துமா, வீட்டில் எந்த மொழி, யார் அழைத்துப் போக வருவார் என்பதையெல்லாம் புது ஆசிரியருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுக்க இதுவே நேரம்.

கடைசி நாளில் பல பள்ளிகள் மதியம் ஒன்றரை, இரண்டு மணிக்கே விட்டுவிடும், மாலைப் பராமரிப்பு கிளப்பும் அன்றைக்கு நடக்காது. வேலைக்குப் போகிற இருவருமாக இருந்தால் இப்போதே ஒருவர் அரை நாள் விடுப்பு சொல்லிவையுங்கள். பெரிய பை ஒன்று அனுப்புங்கள். வருடம் முழுக்க வரைந்த படம், நோட்டு, உடற்பயிற்சி உடை, மழைக்காலணி எல்லாம் அன்று வீட்டுக்கு வரும். இன்ஹேலர், எபிபென் (கடும் ஒவ்வாமைக்கான ஊசி) போன்ற மருந்துகளை ஆஃபீஸில் கேட்டு வாங்கிக் காலாவதித் தேதியைப் பாருங்கள். நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள், உணவுக் கணக்கில் பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள். காணாமல்போன பொருள் பெட்டியை ஒருமுறை கிளறிப் பாருங்கள், போன ஸ்வெட்டர் அங்கேதான் இருக்கும்.

கேட்டை விட்டு வெளியே வருவதற்கு முன் இரண்டு குடும்பத்தின் எண்ணையாவது வாங்கிக்கொள்ளுங்கள். "ஆகஸ்டில் ஒரு நாள் பூங்காவில் சந்திக்கலாமா?" என்று நீங்களே முதலில் கேளுங்கள். இந்த ஊர்க்காரர்கள் தாமாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள், கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

ஆறு வாரம்

ஊருக்குப் போகாதவர்கள் பொது நூலகத்தில் 'சம்மர் ரீடிங் சேலஞ்ச்' பதிவு செய்யுங்கள். இலவசம், பெரும்பாலும் ஆறு புத்தகம் படித்தால் பதக்கமும் சான்றிதழும், அதைச் செப்டம்பரில் பள்ளி அசெம்பிளியில் காட்டலாம். வருமானம் குறைந்த, இலவச மதிய உணவுக்குத் தகுதியுள்ள குடும்பங்களுக்குக் கவுன்சில் 'ஹாஃப்' என்ற பெயரில் விளையாட்டும் சாப்பாடும் சேர்த்த விடுமுறை முகாம் நடத்துகிறது. ஆஃபீஸில் கேட்டால் பதிவு எண் தருவார்கள். ரிசப்ஷன் முதல் இயர் 2 வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம், லண்டனில் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் இயர் 6 வரைக்கும். விடுமுறை முகாமுக்கான தகுதி அதிலிருந்து வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சின்னம் போட்ட சீருடையை ஜூலையிலேயே ஆர்டர் செய்துவிடுங்கள், ஆகஸ்ட் கடைசியில் கடை வாசலில் வரிசை தெருவரை நிற்கும். வெள்ளைச் சட்டை, சாம்பல் கால்சட்டை சூப்பர்மார்க்கெட்டில் போதும். ஷூவை மட்டும் ஆகஸ்ட் கடைசி வாரத்துக்கு வையுங்கள், ஆறு வாரத்தில் கால் வளர்ந்துவிடும். எல்லாவற்றிலும் பெயர் ஒட்டுங்கள். அப்புறம் செப்டம்பர் முதல் நாள் இன்செட் டேயா என்று நியூஸ்லெட்டரின் எட்டாம் பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள்.